மெதுவாகக் கற்பவர்

பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியராகத் தயாராவதற்கு வேதியியல் தேவைப்படாது என்பது பெயின்ட்காரருக்கு முதல் மாலையே தெரிந்துவிட்டது. தெரிந்ததை நம்புவதற்குத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

பகலில் அவர் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். நேற்றுக் கலக்கிய நீலமும் இன்றைக்குக் கலக்கிய நீலமும் ஒரே நீலம்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வாய்தவறி மாற்றிச் சொன்னால் யாரோ ஒருவர் வீட்டில் பாதிச் சுவர் ஒரு நிறமாகவும் மீதிச் சுவர் வேறு நிறமாகவும் போய் நிற்கும். அதனால் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லும் பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. இந்தப் பழக்கத்தோடு கல்வித்துறைக்குள் நுழைந்திருக்கக் கூடாது. யாரும் எச்சரிக்கவில்லை.

அவர் நுழைந்ததற்குக் காரணம் மகள். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வேறு யாரும் வரவில்லை. அந்தப் பாடவேளைக்கு உடற்பயிற்சி மாஸ்டர் வந்து உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். ஒரு பத்தி முடிந்ததும் மெல்ல ஒரு விசில். உடனே வகுப்பு முழுவதும், "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். அடுத்த பத்தி.

"அப்பா, நீ சீக்கிரம் வாத்தியாராயிடு" என்றாள் மகள். "இல்லேன்னா அடுத்த வருஷம் பொதுத்தேர்வுல நான் விசில்தான் ஊதிட்டு வரணும்."

அவர் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மா ஒளிவுமறைவு இல்லாதவர்.

"கெமிஸ்ட்ரி டிகிரி வச்சிருக்கீங்க. ஆசிரியர் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம் பள்ளி திறக்கிற வரைக்கும் இந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். அதுக்கு மேல காலியா இருந்தா, தேவையில்லாத இடம்னு மேல இருக்கிறவங்க எடுத்துடுவாங்க."

"அப்புறம் கெமிஸ்ட்ரி?"

"மாஸ்டர்தான். நிரந்தரமா."

இப்படித்தான் பெயின்ட்காரர் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

துறையின் பெருமை 'மாதிரி வகுப்பு'. ஆசிரியராக வரப்போகிறவர்களில் ஒருவர் பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். நிஜப் பிள்ளைகள் எதிர்பாராத கேள்விகளைக் கேட்டுத் தொலைப்பதால் அவர்களைக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் துறை ஒரு நீல டை கொடுத்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டால் வயது பதினாலு. தலை நரைத்தவர், பேரன் எடுத்தவர், வழுக்கை விழுந்தவர், யாராக இருந்தாலும் டை கழுத்தில் ஏறியதும் பேராசிரியர் "தம்பி" என்பார். டையைக் கழற்றிவிட்டால் "வாருங்கள், உட்காருங்கள்" என்பார்.

அவர் முறையியல் பேராசிரியர். கற்பிக்கும் முறையைக் கற்பிப்பவர். எதைக் கற்பிப்பது என்பது வேறு துறை என்று அடிக்கடி நினைவூட்டுவார்.

முதல் மாதிரி வகுப்பை அவரே நடத்திக் காட்டினார். அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கும் சோதனை. மேசைமேல் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயான ப்யூரெட் நின்றது. அதற்குக் கீழே குடுவை. இரண்டிலும் எதுவும் இல்லை. மேசை புதிது. ஆய்வுக் குழு வந்து பார்க்கும் வரை அதன்மேல் ஒரு சொட்டும் விழக் கூடாது என்று உத்தரவு. மேசைக்கு மேல் ஒரு கண்ணாடித் தாள், கண்ணாடித் தாளுக்கு மேல் ஒரு துணி, துணிக்கு மேல் விஞ்ஞானம்.

பேராசிரியர் வெறும் ப்யூரெட்டின் திருகைத் திறந்தார். குனிந்து அதன் நுனியைக் கவனித்தார். திருகை மூடினார்.

"நிறமற்ற கரைசல் இப்போது இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. மாறியதா?"

பாடத்திட்டத் தாளில் 'மாணவர் வியப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் வந்ததும் வகுப்பு ஒரே குரலில் "ஆ" என்றது. வங்கியில் மேலாளராக இருக்கும் ஒருவர் கையைக்கூடத் தட்டினார்.

கடைசி பெஞ்சிலிருந்து பெயின்ட்காரர் கழுத்தை நீட்டிக் குடுவையை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் சொல்வதைப் போலவே சொன்னார்.

"மாறலையே சார்."

முன் பெஞ்சுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று அவருக்கு வியர்த்தது. பேராசிரியர் மெதுவாக நடந்து வந்து அவர் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எல்லோரும் இவனைக் கவனியுங்கள்" என்றார். "எத்தனை ஆண்டுகளாக இப்படி ஒருவனைத் தேடுகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மெதுவாகக் கற்பவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதை நடிக்க வருபவர்கள் எல்லாம் மூக்கை நோண்டுகிறார்கள். இவன் முகத்தைப் பாருங்கள். கண்ணெதிரே நடப்பது இவனுக்குத் தெரியவில்லை. எவ்வளவு தூய்மையான குழப்பம்."

"சார், நான் நடிக்கலை."

"அதைத்தான் தம்பி நானும் சொல்கிறேன்."

அன்றிலிருந்து அவர் அந்தத் துறையின் மெதுவாகக் கற்பவர்.

இடைவேளையில் பக்கத்து பெஞ்சு ஜெராக்ஸ் அக்காவிடம் கேட்டார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மாதிரி வகுப்புகளில் அவர்தான் நிரந்தரப் புத்திசாலி மாணவி.

"அக்கா, உங்களுக்கு நெஜமாவே மாறின மாதிரி தெரிஞ்சுதா?"

"தம்பி, பகல் பூரா மத்தவங்க எழுதினதை அப்படியே எடுத்துக் குடுக்கிறேன். சாயங்காலமும் அதையே பண்ணிட்டுப் போறேன். நீ ஏன் போட்டு மனசை அலட்டிக்கிறே? பேசாம 'ஆ'ன்னு சொல்லிடு."

அவர் முயன்று பார்த்தார். வாயைத் திறந்தால் கண் குறுக்கே வந்தது. அடுத்த வகுப்பில் மக்னீசியம் எரிந்தது. அவர், "எரியலையே மேடம்" என்றார். அதற்கடுத்த வகுப்பில் குமிழிகள் வந்தன. "வரலையே சார்." அவர் சொல்லச் சொல்ல மதிப்பெண் ஏறியது. மாணவராக நடிப்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. இரண்டு பக்கமும் தேறினால்தான் சான்றிதழ்.

ஒருவேளை கோளாறு தன்னிடம்தானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேருக்குத் தெரிகிற ஒன்று ஒருவனுக்கு மட்டும் தெரியாவிட்டால், கணக்குப்படி கோளாறு அந்த ஒருவனிடம்தான். கண் டாக்டரிடம் போனார். டாக்டர் எழுத்துப் பலகை, நிறப் புள்ளிகள், விளக்கு எல்லாம் வைத்துச் சோதித்தார்.

"கண் பிரமாதமா இருக்கே. உங்களுக்கு என்னதான் தெரியலை?"

"இல்லாதது எதுவும் தெரியலை டாக்டர்."

டாக்டர் அவரை நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் பெயின்ட்காரரின் புகழ் பரவிவிட்டது. இயற்பியல்காரர்கள் தங்கள் மாதிரி வகுப்புக்கு அவரை இரவல் கேட்டார்கள். பிறகு கணக்கு, பிறகு வரலாறு. வரலாற்று வகுப்பில் அவருக்கு எல்லாமே புரிந்தது. அப்படியெல்லாம் ஏமாற்றக் கூடாது என்று அவர்கள் வருத்தப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முறையியல் பேராசிரியர் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கருத்தரங்கில் வாசிப்பதற்கு அவரையும் கூட்டிப்போனார். மேடையில் நீல டையோடு ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வந்திருந்தவர்கள் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"எவ்வளவு காலமாக இவர் இப்படி இருக்கிறார்?" என்று ஓர் அறிஞர் கேட்டார்.

"எங்கள் துறையில் சேர்ந்த நாளிலிருந்து" என்றார் பேராசிரியர் பெருமையாக.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்ன, கழுத்துல டை?" கழற்ற மறந்துவிட்டிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு டவுட்டு. உன்கிட்ட கேக்கலாமா? உனக்குத்தான் எதுவும் புரியாதுன்னு மேடை போட்டுச் சொல்லிட்டாங்களே."

"கேளு."

"எண்ட் பாயின்ட்னா என்ன? மாஸ்டர் வாசிச்சார். 'நிறம் மாறும் இடம்'னு எழுதியும் வச்சிருக்கேன். ஆனா எந்த இடம்?"

அவர் டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கொஞ்சம் வினிகர் ஊற்றி, தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த நிறங்காட்டியில் இரண்டு சொட்டு விட்டார். வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. நன்றாக நீர்த்த காரத்தைச் சொட்டுமருந்துக் குழாயில் எடுத்து, "நான் விடறேன். நீ பாத்துச் சொல்லு" என்றார்.

ஒரு சொட்டு. "ஒண்ணும் ஆகலை." இன்னொரு சொட்டு. "ஒண்ணும் ஆகலை." விழுகிற இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றும், கலக்கினால் ஓடிப்போகும். மனைவியும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றாள். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சொட்டு விழுந்தது. டம்ளர் முழுவதும் லேசாகச் சிவந்தது. கலக்கினார். போகவில்லை.

மகள் டம்ளரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாஸ்டர் வாசிச்சப்போ எனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். "புரியலைன்னு இப்பதான்பா தெரியுது."

"ஒண்ணும் ஆகலைன்னு அத்தனை தடவை சொன்னே பாத்தியா, அதனாலதான் கடைசிச் சொட்டு உன் கண்ணுல பட்டுது" என்றார் பெயின்ட்காரர். சொல்லிவிட்டு, இது பாடத்திட்டத் தாளில் எந்தக் கட்டத்தில் வரும் என்று யோசித்தார். எதிலும் வராது.

வருடக் கடைசியில் அவரவர் தேர்வுப் பாடம் நடத்தும் முறை வந்தது. பெயின்ட்காரரின் முறை வந்தபோதுதான் துறைக்கு ஒரு சிக்கல் புலப்பட்டது. மாதிரி வகுப்பில் மெதுவாகக் கற்பவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். துறையின் அங்கீகாரம் பெற்ற மெதுவாகக் கற்பவர் அவர் ஒருவர்தான். அவர் பலகை முன்னால் போய்விட்டால் கடைசி பெஞ்சில் யார் இருப்பது?

கூட்டம் போட்டார்கள். வேறு யாரையாவது உட்கார வைக்கலாமே என்று ஒரு விரிவுரையாளர் சொல்லிப் பார்த்தார்.

"தரத்தில் சமரசம் கூடாது" என்றார் துறைத்தலைவர். "இந்தத் துறை கட்டடத்தில் சமரசம் செய்திருக்கிறது, நூலகத்தில் செய்திருக்கிறது, ஆசிரியர் நியமனத்தில் நானே முன்னின்று செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றும் புரியாதவர்களின் தரத்தில் மட்டும் இதுவரை கைவைத்ததில்லை."

எனவே பெயின்ட்காரரே இரண்டாகவும் இருப்பார் என்று முடிவானது. டை இல்லாமல் முன்னால் நின்று பாடம் நடத்துவார். கேள்வி கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பதில் சொல்வார்.

முறையியல் பேராசிரியர் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டார். "கவலையே வேண்டாம். உங்களுக்கு வழக்கமான வசனம்தான். 'மாறலையே சார்.' அதைச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் தேர்ச்சி. பள்ளி திறப்பதற்குள் சான்றிதழ் கையில்."

தேர்வன்று பெயின்ட்காரர் ஒரு பையோடு வந்தார். பைக்குள் இரண்டு புட்டிகள். வீட்டில் மகள் பார்த்துக்கொண்டே இருந்த அந்த டம்ளர் அவர் நினைவை விட்டுப் போகவில்லை. ஆசிரியர் என்று ஒரு தடவையாவது நிற்பதானால் வெறும் குழாயோடு நிற்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. ப்யூரெட்டில் காரத்தை ஊற்றினார். குடுவையில் வினிகரும் நிறங்காட்டியும். வகுப்பில் யாரோ, "ஏதோ ஊத்தறாரே" என்றார்கள். துறைத்தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவர் பார்வை ப்யூரெட்டின் நுனிக்கும் மேசைக்கும் நடுவே இருந்தது.

திருகைத் திறந்தார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. குடுவையைச் சுழற்றினார். 'மாணவர் வியப்பு' கட்டம் வந்தது, போனது. யாரும் "ஆ" சொல்லவில்லை, மறந்துவிட்டார்கள். வங்கி மேலாளர் பெஞ்சை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒரு சொட்டு விழுந்தது. குடுவை சிவந்தது.

"அய்யோ, நெஜமாவே மாறுதுடா" என்றார் ஜெராக்ஸ் அக்கா, தனக்குத்தானே.

'வியப்பு ஒழுங்கின்றி எழுந்தது' என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

"நிறம் மாறியதா?" என்று பெயின்ட்காரர் முன்னால் நின்று கேட்டார். பிறகு கடைசி பெஞ்சுக்கு நடந்து போய் உட்கார்ந்து டையைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பேராசிரியர் உதட்டை அசைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்.

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. தலைமையாசிரியை இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். மகள் பொதுத்தேர்வு எழுதப் போகிறாள். அவர் வாயைத் திறந்தார். கண் குறுக்கே வந்தது. குடுவை அவ்வளவு தூரத்திலும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"மாறிடுச்சு சார்" என்றார்.

பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வளர்த்த பிள்ளை கைவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

முடிவைத் துறைத்தலைவர் அறிவித்தார். "ஆசிரியராக நீங்கள் தேர்ச்சி. உண்மையில் உங்கள் பாடத்தை நாங்கள் கவனிக்கவில்லை. மேசையைக் கவனித்துக்கொண்டிருந்தோம். எதுவும் சிந்தவில்லை என்பதால் பாடம் சிறப்பாக நடந்ததாகக் கருதுகிறோம். ஆனால் மாணவராகத் தோல்வி. மெதுவாகக் கற்க வேண்டியவர் முதல் முறையிலேயே கற்றுவிட்டார். இப்படி ஆளாளுக்குக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் இந்தத் துறைக்கு என்ன வேலை?"

கடைசி வாய்ப்பாக ஒரு மறுதேர்வு வைத்தார்கள். அதிலும் தவறினால் அடுத்த வருடம்தான். அதற்குள் பள்ளி திறந்துவிடும்.

மறுதேர்வில் பேராசிரியரே பாடம் நடத்தினார். துணி, புது மேசை, வெறும் ப்யூரெட், வெறும் குடுவை. திருகைத் திறந்து மூடினார். "நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாகிவிட்டது. தம்பி, மாறியதா?"

பெயின்ட்காரர் நன்றாகப் பார்த்தார்.

"மாறலையே சார்."

"சபாஷ்." பேராசிரியருக்கு உயிர் திரும்பிவந்தது. மதிப்பெண்ணைப் போட்டார். அந்த மகிழ்ச்சியில் மற்றவர்கள் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் கேட்டுவிட்டார்: "உங்களுக்கெல்லாம் மாறியதுதானே?"

'ஆ' வரவில்லை.

ஜெராக்ஸ் அக்கா எழுந்தார். துறையின் நிரந்தரப் புத்திசாலி. "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "மாறலை. மாறினா எப்படி இருக்கும்னு அன்னிக்குப் பாத்துட்டோம்."

"எனக்கும் மாறலை சார்" என்றார் வங்கி மேலாளர். பிறகு பெஞ்சு பெஞ்சாக அதே பதில் வந்தது. பேராசிரியர் குனிந்து குடுவைக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அதற்குள் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. நிஜ ரசாயனத்தை ஒரே ஒரு முறை பார்த்ததில் ஒரு வகுப்பு முழுவதும் மெதுவாகக் கற்பவர்களாகிவிட்டதால், இனித் துறைக்குள் ரசாயனம் கொண்டுவருவது தடை செய்யப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் சான்றிதழ் கொடுத்து, ஆய்வுக் குழு வருவதற்குள் வெளியே அனுப்பிவிட வேண்டும். ஆய்வுக் குழு வந்தது. மேசையைத் தடவிப் பார்த்தது. ஆய்வக வசதி மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போனது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் தலைமையாசிரியை சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"பாடம் நடத்துதல், தேர்ச்சி. சரி. மெதுவாகக் கற்றல், மிகச் சிறப்பு. இது என்ன சார்?"

"அது நல்ல மார்க்குதான் மேடம்."

ஆய்வகச் சாவி மாஸ்டரிடம் இருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மூன்று கைப்பந்துகள் உருண்டு வந்தன. "பந்து வைக்க வேற இடம் இல்லை சார்" என்ற மாஸ்டர், வேதியியல் புத்தகத்தை அவர் கையில் ஒப்படைத்தார். "பத்தாம் வகுப்பு தங்கமான வகுப்பு. ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. நீங்க எது சொன்னாலும் அவங்களுக்குப் புரிஞ்சுடும்."

முதல் பாடவேளை. மகள் கடைசி பெஞ்சில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தாள். பெயின்ட்காரர் ப்யூரெட்டை நிரப்பினார். குடுவையில் வினிகர், நிறங்காட்டி. திருகைத் தொடவில்லை. ஆரம்பத்தில் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

"குடுவையைப் பாருங்க. நிறம் மாறியிருக்கா?"

"மாறிடுச்சு சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அந்த முகங்களில் இருந்த நிம்மதியை அவருக்குத் தெரியும். ஒரு வருடம் அதற்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். கடைசி பெஞ்சில் ஒரு கழுத்து நீண்டு குடுவையை உற்றுப் பார்த்தது.

"மாறலையே... சார்" என்றாள் மகள்.

வகுப்பு சிரித்தது. "புரியலேன்னா உக்காருடி" என்றது முன் பெஞ்சு.

பெயின்ட்காரர் பலகையை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனார். மகளுக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் உட்காருவதுபோல, உட்கார்ந்தார்.

"எனக்கும் மாறலை" என்றார். "யாராவது ஒருத்தர் போய் அந்தத் திருகைத் திறங்க."

யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே மைதானத்தில் மாஸ்டர் விசில் ஊதினார்.

"புரிஞ்சுது சார்" என்றது வகுப்பு.

மகள் மட்டும் எழுந்து போய்த் திருகில் கைவைத்தாள்.